இடப்பக்கம் கடல்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எங்களிடம் காரும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. இந்த நிலைமையில்தான் அவர் தென் இத்தாலியில் ஒரு கார்ப் பயணத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். அவர் பொன்மலை ரயில்வே பட்டறையின் அலுவலகத்தில் கிளார்க். நான் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். எங்களில் ஒருவர்கூட அதுவரை விஜயவாடாவைத் தாண்டியதில்லை.

இத்தாலிக்குக் காரணம் என் அக்கா. அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினாறு. அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், பேன் பார்த்ததும், வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்ததும், அடித்ததும் அவள்தான். நான் பள்ளிக்கூடம் முடித்ததும் தன் வேலை முடிந்தது என்பது போல மடத்தில் சேர்ந்துவிட்டாள். எழுபதுகளின் நடுவில், என் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அவளை இத்தாலிக்கு அனுப்பினார்கள். தெற்கே ஒரு மலைக்கிராமத்தில் அவர்கள் சபை நடத்திய முதியோர் இல்லத்தில் வேலை. கல்யாணம் முடிந்து அனுப்பலாமே என்று அப்பா மடத்து மதரிடம் போய்க் கேட்டார். டிக்கெட் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது. கல்யாணப் போட்டோ ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். கறுப்பு வெள்ளைப் போட்டோ.

சில வருஷங்களுக்கு ஒரு முறை சிஸ்டர்களுக்கு ஊருக்கு வர லீவு உண்டு. தன் முறை வந்தபோது அக்கா அதை இன்னொரு சிஸ்டருக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த சிஸ்டரின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். எங்கள் பங்குச் சாமியார் இதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சொன்னார். கோயிலில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். நானும் புன்னகைத்தேன். உள்ளே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு அம்மா இல்லைதான். நான் இருந்தேனே.

அந்தச் சமயத்தில்தான் ரோமாபுரிக்கு ஒரு யாத்திரைக் குழு போகப்போகிறது என்ற பேச்சு வந்தது. என் கணவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். ரோம் வரை போய்விட்டு சிஸ்டரைப் பார்க்காமல் திரும்ப முடியுமா, குழுவிலிருந்து சில நாள் பிரிந்து நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். என் அக்காவை அவரும் சிஸ்டர் என்றுதான் சொல்வார். ஊரே சிஸ்டர் என்றது. அக்கா என்று கூப்பிட நான் ஒருத்திதான் பாக்கி.

அக்காவின் கிராமத்துக்கு ரயில் கிடையாது. பஸ் அதற்குத் தோன்றும்போது வரும் என்று அவளே எழுதியிருந்தாள். ஆகவே வாடகைக்குக் கார் எடுத்து நாமே ஓட்டிப் போவது என்று முடிவானது. 'நாமே' என்றால் அவர். நான் கேட்ட ஒரே கேள்வி, உங்களுக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதே என்பது. அதற்கு ஸ்ரீரங்கத்தில் ஆள் இருக்கிறது என்றார்.

ஆபீஸில் அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் அந்த ஆள். சித்திரை வீதியில் பரம்பரை வீடு, மாமனார் கொடுத்த பழைய கார், பஞ்சாங்கத்தில் அசையாத நம்பிக்கை. கார் பம்பாயில் செய்ததுதான், ஆனால் மூலம் இத்தாலிக்காரன் மாடல். அதனால் அந்த வண்டிக்கு இத்தாலி ரோடு பற்றி இயல்பாகவே ஏதோ தெரிந்திருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதைத் தட்டிக்கொடுத்த விதத்தில் தெரிந்தது.

என் பள்ளி அட்லஸிலிருந்து இத்தாலியின் தென்பாதியைப் பெரிய சார்ட் பேப்பரில் வரைந்து, முன்னறையில் இருதயநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார் என் கணவர். இத்தாலி பூட்ஸ் கால் மாதிரி இருக்கும் என்று நான் வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அவர் அதை வழிகாட்டியாகவே எடுத்துக்கொண்டார். நேப்பிள்ஸ் கணுக்காலுக்கு முன்பக்கம். பாரி கணுக்காலுக்குப் பின்பக்கம். அங்கிருந்து குதிகாலுக்கு இறங்கி, உள்ளங்கால் வழியாக விரல் நுனிக்கு. அக்காவின் கிராமம் அட்லஸில் கிடையாது. அவள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், அது சரியாக மெட்டி போடுகிற இடத்தில் வந்தது. அவர் அங்கே சிவப்பு மையில் ஒரு சின்ன வளையம் போட்டார். அதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஊருக்குப் பெயர் மெட்டி. ஒரு கன்னியாஸ்திரீ இருக்கிற ஊருக்கு இப்படி ஒரு பெயரா என்று நான் ஆட்சேபித்தேன். வேறு அடையாளம் இல்லை என்றார்.

சாதாரணமாகக் கார் ஓட்ட அவர் சீக்கிரமே கற்றுக்கொண்டார். லைசென்ஸும் வாங்கிவிட்டார். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. இத்தாலியில் சோத்தாங்கைப் பக்கமாக ஓட்ட வேண்டும். அதை எங்கே பழகுவது? பொன்மலையில் முடியாது. ஷிஃப்ட் விட்டால் சைக்கிள்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சரியான பக்கத்தில் ஓட்டினாலே உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. கடைசியில் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளே என்று தீர்மானித்தார்கள். கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் அகலமான வீதி. விடியற்காலையில் கோலம் போடுகிறவர்களும் பால்காரரும் மாடுகளும்தான். மாடுகள் எந்தப் பக்கத்தையும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு முன்னால் இவர் ஸ்ரீரங்கம் போய்ச் சோத்தாங்கைப் பக்கமாகக் கோயிலைச் சுற்றி ஓட்டிவிட்டு வருவார். சரியான பக்கத்தில் எதிரே வந்த பால்காரர் முதல் வாரம் திட்டினார். இரண்டாம் வாரம் இறங்கி நின்று பார்த்தார். அப்புறம் அவரே சொல்லிவிட்டாராம், நீங்க எந்தப் பக்கம் வருவீங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சாப் போதும் சார், நான் மத்தப் பக்கம் போயிக்கிறேன் என்று.

பல மாதம் கழித்து, நானும் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து போனபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். வண்டி வலது பக்கமாக மட்டுமே திரும்பியது. தெற்கு வீதி முடிந்தால் வலது, மேற்கு வீதி முடிந்தால் வலது, வடக்கு வீதி, கிழக்கு வீதி, எல்லாம் வலது. சோத்தாங்கைப் பக்கமாக ஓட்டுகிறவனுக்கு வலது திருப்பம் சுலபம். எதிரே வருகிற வண்டிகளை வெட்டிக்கொண்டு இடது பக்கம் திரும்புவதுதான் கஷ்டம். இடது எப்போது பழகுவீர்கள் என்று கேட்டேன். ஸ்ரீரங்கத்துக்காரர் திரும்பி எனக்கு விளக்கினார்.

"டீச்சர், இடது பக்கம் திரும்பணும்னா எதிர்ப்பக்கமா சுத்தணும். பெருமாளுக்கு அப்பிரதட்சிணமா வண்டி ஓட்டறதா? எங்காத்துல தெரிஞ்சா எனக்குக் காபி கிடைக்காது."

என் கணவர் மறுபடியும் வலது பக்கமே திரும்பினார். வண்டி ஸ்ரீரங்கத்துக்காரருடையது, பெருமாளும் அவருடையவர்.

இடது திருப்பத்தைப் பழகுவதற்குப் பதில், இடது திருப்பமே இல்லாத ஒரு பயணத்தை அவர்கள் திட்டமிட்டார்கள். சார்ட் பேப்பர் முன்னால் உட்கார்ந்து ஸ்ரீரங்கத்துக்காரர் விரலால் சுற்றிக் காட்டினார். நேப்பிள்ஸிலிருந்து கடலோரமாக நேரே மெட்டிக்கு இறங்கினால் பக்கம்தான். ஆனால் அது அப்பிரதட்சிணம். இடது பக்கம் இடது பக்கமாகவே திரும்ப வேண்டியிருக்கும். முதலில் நேப்பிள்ஸிலிருந்து குறுக்கே பாரிக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து குதிகால், உள்ளங்கால், மெட்டி, மறுபடி மேலே நேப்பிள்ஸ். நிலம் எப்போதும் வலப்பக்கம், கடல் எப்போதும் இடப்பக்கம். முழுப் பிரதட்சிணம். தூரம் எத்தனையோ மடங்கு ஆகும் என்று புவியியல் டீச்சர் என்ற முறையில் சொன்னேன். பாவம் சேராத வழி எப்பவும் கொஞ்சம் சுத்துத்தான் என்றார். கிறிஸ்தவர்களான நாங்கள் இரண்டு பேரும் அதற்குத் தலையாட்டினோம்.

அடுத்த கட்டம் தட்டு. இத்தாலிக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்குமாம். ஆகவே ஸ்ரீரங்கத்துக்காரர் வண்டியை ஓட்ட, என் கணவர் இடப்பக்க சீட்டில் என் வீட்டு எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அவர் திருப்பும்போதெல்லாம் இவரும் திருப்பினார். தட்டில் என் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. அதை ஸ்டியரிங்காகப் பிடித்தபடி கிழக்குச் சித்திரை வீதியில் போன என் கணவரைப் பார்த்து, ஒரு வீட்டு மாமி பிரசாதம் வாங்க வந்தவர் என்று நினைத்து நிறுத்தச் சொன்னாராம். வெண்பொங்கல் கிடைத்தது. நன்றாக இருந்தது என்றார்.

வழி பற்றி அக்காவிடம் கேள்வி கேட்டு இவர் ஏரோகிராம் ஏரோகிராமாக எழுதினார். கடலோர ரோடு அகலமா, மலைமேல் கார் ஏறுமா, உள்ளங்காலில் சாப்பாடு கிடைக்குமா. அக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: எனக்குத் தெரியவில்லை, இங்கே சாமியாரிடம் கேட்டு எழுதுகிறேன். சொந்த ஊர் ரோட்டைக்கூடத் தெரியாமல் இருப்பாளா என்று நான் அலுத்துக்கொண்டேன். சின்ன வயசில் அவளுக்குத் தெரியாதது என்று ஒன்று கிடையாது.

ஒரு நாள் சார்ட் பேப்பரைப் பார்த்துக்கொண்டு அவர் என்னைக் கேட்டார், வழியில் உனக்கு எந்த ஊரெல்லாம் பார்க்கணும் என்று.

"எனக்கு ஊரெல்லாம் பாக்க வேணாங்க. நீங்க ஓட்டுங்க. பின் சீட்ல அக்காவும் நானும் உக்காந்து வந்தாப் போதும்."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அதற்கு இடது திருப்பம் ஒன்றுதான் பாக்கி என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இவருக்குத் திட்டம்தான் முக்கியம், அக்கா இல்லை, நானும் இல்லை என்று நினைத்தேன். அன்று ராத்திரி ரசத்தில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை.

யாத்திரை நடக்கவில்லை. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, ஆள் சேரவில்லை, அவ்வளவுதான். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். நாங்களும் போனோம். கடல் இருந்தது. என் கணவர் அதைச் சந்தேகத்துடன் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ட் பேப்பரை நான் கழற்றவில்லை. கழற்றினால் சுவரில் வெளுப்பாகத் தெரியும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் யாரும் எதிர்பார்க்காமல் அக்காவுக்கு லீவு வந்தது. இந்த முறை விட்டுக்கொடுக்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கியவளைப் பார்த்தேன். ஒல்லியாகி, கண்ணாடி போட்டு, முக்காட்டின் ஓரத்தில் நரை தெரிய. "பாப்பா," என்றாள். என்னை அப்படிக் கூப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். நான் ஏற்கனவே பேசத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், ரயில் லேட்டா என்று கேட்டேன்.

அவள் டவுனில் மடத்தில் தங்கினாள். சிஸ்டர்கள் தனியாக வெளியே வரக் கூடாது, துணைக்கு ஒரு சிஸ்டர் வர வேண்டும். துணை சிஸ்டர் மிகவும் நல்லவர். அதுதான் தொல்லை. எங்களை விட்டு ஒரு நிமிஷம் நகரவில்லை. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தால் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து, இத்தாலியில் குளிரா, இங்கே வெயிலா என்று பேசினோம். நான் காபி எடுத்துவர உள்ளே போனால் அக்கா எழுந்து பின்னால் வரப் பார்ப்பாள். துணை சிஸ்டரும் உதவிக்கு எழுந்துவிடுவார். லீவு இப்படியே கரைந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்து பேச முடியாத விஷயங்கள்தான் எனக்கு எல்லாமே. ஒவ்வொரு முறையும் அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்து சமையலறையில் அழுதேன்.

ஒரு நாள் அக்கா சுவரில் இருந்த சார்ட் பேப்பரைப் பார்த்து, இது எந்த நாடு என்று கேட்டாள்.

"சிஸ்டர், இது நீங்க இருக்கிற நாடு," என்றார் என் கணவர். "இந்த வளையம் நீங்க இருக்கிற ஊர்."

அக்கா எழுந்து போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கடல் இவ்வளவு பக்கமா என்று கேட்டாள். அவள் ரோமில் இறங்கி, ரயிலில் தூங்கிப்போய், யாரோ எழுப்பி ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அதன் பிறகு சமையலறை, நோயாளிகள், கோயில். ஜன்னலில் மலை, வாசலில் சுவர். காற்று அடித்தால் உதட்டில் உப்புக் கரிக்குமாம். கடல் கீழேதான் இருக்கிறது என்று வயசானவர்கள் சொல்வார்களாம். வருத்தம் ஒன்றுமில்லாமல், அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

இவர் அவளுக்குத் தென் இத்தாலி முழுவதையும் விளக்கினார். பாரி, குதிகால், உள்ளங்கால் எல்லாம். அக்கா நடுநடுவே கேள்வி கேட்டாள். பதினொரு வருஷம் அங்கே இருந்தவளுக்கு ஒரு நாளும் அங்கே போகாதவர் ஊரைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் காபி டம்ளரைப் பிடித்தபடி நின்றேன். சாமியாரிடம் கேட்டு எழுதுகிறேன் என்ற வரி அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்ரீரங்கத்துக்காரர் வீட்டில் காபிக்கு அழைத்திருப்பதாக என் கணவர் மடத்தில் அனுமதி வாங்கினார். துணை சிஸ்டரும் வந்தார். அந்த வீட்டு மாமி எங்களை உட்காரவைத்ததும், புளியோதரைப் புளிக்காய்ச்சலை எப்படிக் கிண்டுவது என்று துணை சிஸ்டரைச் சமையல்கட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும். புளிக்காய்ச்சல் பாதியில் விட்டுவிட்டு வரக்கூடிய வேலை இல்லை. அந்த நேரம் பார்த்து, சிஸ்டருக்குக் கோயில் வீதிகளைக் காட்டிவிட்டு வருகிறோம் என்று என் கணவர் கார்க் கதவைத் திறந்தார்.

அவர் ஓட்ட, ஸ்ரீரங்கத்துக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் சீட்டில் அக்காவும் நானும். மத்தியான வெயிலில் வீதி காலியாகக் கிடந்தது. வண்டி சோத்தாங்கைப் பக்கம் ஏறியது.

"சிஸ்டர், இது கிழக்குச் சித்திரை வீதி. பாரியில இறங்கியாச்சு. நிலம் வலப்பக்கம், கடல் இடப்பக்கம்."

இடப்பக்கம் வீடுகளும், கொடியில் காய்ந்த வேட்டிகளும், ஒரு சோடாக் கடையும் போயின. அக்கா ஜன்னல் பக்கம் சாய்ந்து அவற்றைப் பார்த்தாள். குதிகாலில் வலது பக்கம் திரும்பித் தெற்கு வீதியில் உள்ளங்காலைக் கடந்தோம். அடுத்த முனையில் வேகம் குறைந்தது.

"மெட்டி வந்தாச்சு சிஸ்டர். இறங்கணுமா?"

"வேணாங்க," என்றாள் அக்கா. "அங்கதான் எப்படியும் போகப் போறேனே."

வண்டி வலது பக்கம் திரும்பியது. நேப்பிள்ஸ், குறுக்கு ரோடு, மறுபடி பாரி. முன் சீட்டில் இருந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கை சொரசொரப்பாக இருந்தது.

"பாப்பா, உன் கல்யாணப் புடவை என்ன கலர்? போட்டோல கறுப்பாத் தெரிஞ்சுது."

"அரக்குக்கா. பச்சை பார்டர்."

"நான் நீலம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றாள். கொஞ்ச நேரம் என் வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள், பதினொரு வருஷத்து நீலத்தை அரக்காக மாற்றுவதற்கு நேரம் வேண்டும் அல்லவா. பிறகு தலை யார் பின்னிவிட்டார்கள் என்று கேட்டாள். அதிலிருந்து எல்லாம் வந்தது. அவள் லீவை விட்டுக்கொடுத்தபோது எனக்கு வந்த கோபத்தையும் சொன்னேன். சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்கு வரப் பயமாக இருந்தது, வந்தால் திரும்பிப் போக மாட்டோமோ என்று, அதனால்தான் விட்டுக்கொடுத்ததாகச் சொன்னாள். அதை எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேரும் உள்ளங்கால் நெடுக அழுதுகொண்டே போனோம்.

தெற்கு வீதி நடுவில்தான் கோபுரம், டவுனுக்குப் போகிற வழி. அங்கே இடது பக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்தது, ஒவ்வொரு முறையும் வண்டி நேரே போனது. துணை சிஸ்டர் மாமி வீட்டு வாசலுக்கு வந்து நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அடுத்த சுற்றில் கையில் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சலோடு நின்றார். வெயில் சாய ஆரம்பித்தது. மடத்துக்கு நேரம் ஆகிறதே என்று நான்தான் கடைசியில் கேட்டேன்.

"இடது பக்கம் இன்னும் பழகலம்மா," என்றார் என் கணவர் ரோட்டைப் பார்த்தபடியே.

"அங்க திரும்பினாக் கடல் டீச்சர்," என்றார் ஸ்ரீரங்கத்துக்காரர். பெருமாளைச் சுற்றுகிற புண்ணியம் சிஸ்டருக்கு வேண்டாம் என்றால் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அக்கா சிரித்தாள். முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு சுற்று சும்மா உட்கார்ந்து வந்தோம். துணை சிஸ்டரைப் பாட்டிலோடு ஏற்றிக்கொண்டோம். கோபுரம் வந்தபோது அக்கா முன்னால் சாய்ந்து, "போதுங்க. இப்பத் திரும்பலாம்," என்றாள்.

எதிரே ஒரு மாட்டு வண்டியும், ரிக்‌ஷாவும், எங்கள் பால்காரரும் வந்துகொண்டிருந்தார்கள். என் கணவர் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுற்றினார். இரண்டு வருஷமாகப் பழகாத அந்த இடது திருப்பத்தில், எதிரே வந்த யாரும் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை, வண்டி அலுங்காமல் குலுங்காமல் திரும்பிக் கோபுரத்துக்குக் கீழே போய்விட்டது. அதை அவர் எங்கே, எப்போது பழகினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.